மில் காற்றுக்கு எதிராக ஒரு பீங்கான் விளக்கு

மாப்பிள்ளை வீட்டு வேன் மில் முக்கில் திரும்பும்போது ஹார்ன் அடித்தது. அது கேட்டதும் நான் தீக்குச்சியைக் கிழித்தேன்.

ஸ்டெல்லா வீட்டு முன்னறை. நடுவில் டீப்பாய். அதன்மேல் அவளே கொக்கி ஊசியில் பின்னிய வெள்ளை விரிப்பு. விரிப்பின்மேல் கைக்குள் அடங்கும் வெளிர்நீலப் பீங்கான் விளக்கு. குச்சியைக் காட்டியதும் அதன் கழுத்தில் இருந்த சாம்பல் நிறக் கல்லின்மேல் சுடர் எழுந்தது. அடியில் நீலம், நுனியில் மஞ்சள். பார்க்க அழகாகவே இருந்தது.

மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோய் இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மூக்குத்தி சுட்டதுதான் மிச்சம்.

ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. அந்தக் காற்றில் வாசனைக்குக் குறைவில்லை. நாலு நாள் புளித்த பழைய சோற்றுத் தண்ணீரில் சாக்கை நனைத்து, அதை முகத்தின்மேல் போர்த்தினால் எப்படி இருக்குமோ அப்படி. ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லின் பின்பக்கக் களத்தில் அன்றைக்குத்தான் மாவு எடுத்த கிழங்குச் சக்கையை, திப்பியை, காயப்போட்டிருந்தார்கள்.

உள்ளறைக் கதவைத் திறந்து ஸ்டெல்லா எட்டிப் பார்த்தாள். அரக்குச் சேலை, தலையில் கனகாம்பரம்.

"வருதாடி?"

அவள் கேட்டது வேனைப் பற்றி அல்ல.

"வரும்," என்றேன்.

பி.இ. இல்லம்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு எங்கள் வீட்டு முகப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக இன்னொரு முறை வெட்கப்பட்டுக்கொள்கிறேன். 'கவிதா பி.இ. இல்லம்'. மஞ்சள் சுவரில் சிவப்புப் பெயிண்ட். 'பி.இ.' மட்டும் என் பெயரைவிடப் பெரிய எழுத்து.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பா கைநாட்டு. அம்மா ஒரே ஒரு மழைக்காலம் மட்டும் பள்ளிக்கூடம் போனாளாம், கூரை ஒழுகியதால் நின்றுவிட்டாளாம். அதனால் நான் பட்டம் வாங்கிய அன்று அப்பாவுக்கு அது ஒருத்தி வாங்கிய பட்டமாகத் தெரியவில்லை. ஊருக்கே ஒரு வசதி வந்துவிட்டதாகத்தான் தெரிந்தது. ரேஷன் கடை வந்த மாதிரி, தண்ணீர்த் தொட்டி வந்த மாதிரி.

சனிக்கிழமை ஓசூரிலிருந்து பஸ் பிடித்து அரூரில் இறங்கி, கம்பைநல்லூர் வண்டி மாறி வீடு வந்து சேர்ந்தால், வாசலில் மிக்ஸி, ரேடியோ, போர் ஸ்டார்ட்டர் எல்லாம் வரிசையாகக் காத்திருக்கும். அப்பா ஒவ்வொன்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, "பாப்பா வந்ததும் பாத்துரும்" என்று வாக்குக் கொடுத்திருப்பார். அதில் ஒன்றிரண்டைச் சரி செய்திருக்கிறேன். ஒருமுறை பக்கத்துத் தோட்டத்து ஸ்டார்ட்டரைச் சரி செய்யப் போய், எங்கள் தெருவுக்கே மூன்று மணி நேரம் கரண்ட் இல்லாமல் செய்தேன். அப்பா அதையும் பெருமையாகத்தான் சொன்னார். "சின்ன ஆளு கை வச்சா அப்படி ஆவுமா?"

ஓசூர் கம்பெனியில் என் வேலை என்ன என்று வீட்டில் யாருக்கும் முழுதாகப் புரிந்ததில்லை. அடுத்த கம்பெனிக்காரர்களின் போன் சார்ஜரைக் கடையில் வாங்கி வந்து, திருகு திருகாகக் கழற்றி, உள்ளே எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து எழுத வேண்டும். ரிவர்ஸ் இன்ஜினியரிங் என்று அதற்குப் பெயர். அம்மாவுக்கு விளக்கிச் சொன்னேன். "அடுத்தவங்க வூட்டுச் சட்டியத் தொறந்து பாக்கற வேல," என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சொன்னதைவிட அது சுருக்கமாகவே இருந்தது.

இந்தப் பெருமையெல்லாம் இல்லையென்றால் அந்த விளக்கு என் கைக்கே வந்திருக்காது.

ஆறு கைக்குட்டை

ஸ்டெல்லா என் வகுப்புத் தோழி. ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை ஒரே பெஞ்சு. பிறகு அவள் மருந்தாளுநர் படிப்புப் படித்து அரூரில் ஒரு மெடிக்கலில் வேலைக்குச் சேர்ந்தாள். அப்பா இல்லை, அம்மா மட்டும். ஆரோக்கியமேரி என்று பெயர். நான் பெரிம்மா என்று கூப்பிடுவேன்.

அவர்கள் வீடு சேகோ மில்லுக்கு நேர் பின்னால். வீடு கட்டியபோது மில் இல்லை. மில் வந்தபோது வீட்டை எடுத்துக்கொண்டு போக முடியவில்லை. எங்கள் தெரு மில் காற்று வீசாத பக்கம் என்பதால் எங்களுக்கு எப்போதாவது கொஞ்சம் வாடை வரும். அவர்களுக்கு அது வீட்டில் இன்னொரு ஆள் இருப்பது மாதிரி.

தவக்காலம் தொடங்குவதற்கு முன்னால் அவளைப் பெண் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. ஆறு பேர். உள்ளே வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஒருவர் கைக்குட்டையை எடுத்தார். அப்புறம் இன்னொருவர். கேசரி வருவதற்குள் ஆறு கைக்குட்டையும் ஆறு மூக்கில் இருந்தன. ஸ்டெல்லா தட்டோடு வந்து நின்றபோது அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கண்கள்தானாம். யாரும் சிரித்தார்களா, முறைத்தார்களா என்றே தெரியவில்லையாம்.

இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்து சொல்லிவிட்டுப் போனார். பெண்ணைப் பிடித்திருக்கிறது, ஆனால் நாளைக்குப் பேரப்பிள்ளையை இந்த வீட்டுக்கு எப்படி அனுப்புவது என்று கேட்கிறார்களாம்.

பெரிம்மா அன்றைக்கே வீட்டை மூன்று முறை பினாயில் போட்டுக் கழுவினாள். வாடை சுவருக்கு வெளியே இருக்கிறது என்று தெரியாமல் இல்லை. சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வரன் தரகர் மூலமாகவே வந்தது. பாலக்கோடு பக்கம். ஈஸ்டர் கழிந்த அடுத்த ஞாயிறு, பூசை முடிந்ததும் வருவதாகச் சொன்னார்கள். போட்டோவை ஸ்டெல்லா எனக்கு அனுப்பியிருந்தாள். அவள் ஒரு போட்டோவை இரண்டு தடவை அனுப்பியது அதுதான் முதல் தடவை. முதலாவது தெளிவாக இல்லையாம். எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிந்தன.

"இவங்களும் மூக்கப் பொத்திக்கிட்டுப் போயிட்டா எனக்கு ஒன்னுமில்லடி," என்றாள். "அம்மாதான் உடஞ்சு போயிரும்."

டாக்டர் சிஸ்டர் விட்டுப்போனது

அவள் அதைச் சொன்ன சனிக்கிழமைதான் பெரிம்மா பரணிலிருந்து விளக்கை இறக்கினாள்.

ஸ்டெல்லாவின் அப்பா மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் சமையல்காரராக இருந்தவர். அங்கே வெளிநாட்டிலிருந்து வந்த டாக்டர் சிஸ்டர் ஒருவர் இருந்தாராம். ஊருக்குத் திரும்பும்போது, தன் அறையில் இருந்த இந்த விளக்கையும், ஊற்றி எரிக்க இரண்டு பாட்டில் திரவத்தையும் ஸ்டெல்லாவின் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். கிறிஸ்துமஸ் அன்று மட்டும் அவர் அதை ஏற்றுவார். வீடே மணக்குமாம். பாட்டில் காலியானது, விளக்கு பரணுக்குப் போனது. சில வருஷத்தில் அவரும் போய்விட்டார்.

"எப்படி ஏத்துவாருங்க பெரிம்மா?"

"என்னையக் கேட்டா? நான் அடுப்படில இருப்பேன், கறி வெந்துக்கிட்டு இருக்கும். அவரு இங்க பத்த வைப்பாரு. கொஞ்ச நேரத்துல வாசன அடுப்படி வரைக்கும் வரும். கறி வாசனையவே அமுக்கிரும்."

"மில்லு வாடைய?"

"அதுவும் தெரியாது கண்ணு. அந்த ஒரு நாளு தெரியாது."

விளக்கைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். அடியில் இருந்த முத்திரை தேய்ந்துபோயிருந்தது. கழுத்தில் பித்தளை வளையம். அதில் சொருகிய சுண்டுவிரல் நுனி அளவுக் கல். கல்லின் வாலாக உள்ளே தொங்கும் பருத்தித் திரி. கூடவே இரண்டு மூடிகள். ஒன்று ஓட்டை ஓட்டையாக, கிரீடம் மாதிரி. இன்னொன்று ஓட்டையே இல்லாத சின்னக் குல்லா.

"ரெண்டு வாரம் குடுங்க பெரிம்மா," என்றேன். எந்தச் சார்ஜரையும் நான் இரண்டு நாளுக்குமேல் வைத்துக்கொண்டதில்லை. இரண்டு வாரம் என்று சொன்னது தன்னடக்கம்.

ஆராய்ச்சி

ஆறு வாரம் ஆனது.

ஒரு புது நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் விளக்கை முன்னிருந்தும் மேலிருந்தும் படமாக வரைந்து, கம்பெனியிலிருந்து இரவல் வாங்கிய வெர்னியரால் அளந்து அளவுகளை எழுதினேன். கல்லின் விட்டம், திரியின் நீளம், கிரீடத்தில் எத்தனை ஓட்டை. ஓட்டைகளை இரண்டு முறை எண்ணினேன். இன்றைக்கும் அந்தப் பக்கத்தைப் பார்த்தால் மதிப்பெண் போடத் தோன்றும்.

முதலில் தேங்காய் எண்ணெய் ஊற்றினேன். திரி என்றால் எண்ணெய்தானே. கல் எண்ணெயைக் குடித்துவிட்டுக் கம்மென்று இருந்தது. பத்துத் தீக்குச்சி செலவு. ஸ்டெல்லா கல்லை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஊசி போடறதுக்கு முன்ன தொடைப்பாங்களே, உள்ளார அந்த வாடை லேசா இருக்குதுடி. இது ஸ்பிரிட்டு," என்றாள். அவள் சொன்ன அடுத்த நிமிடமே எனக்கும் அது தெரிந்துதான் இருந்தது என்று சொன்னேன். அவள் கடையிலிருந்தே ஸ்பிரிட் வந்தது. கல்லை அதில் ஊற வைத்து எண்ணெயை எடுத்தோம். பிறகு ஸ்பிரிட் ஊற்றி, அரூரில் வாங்கிய மல்லி அத்தர் பத்துச் சொட்டு விட்டுப் பற்ற வைத்தேன்.

எரிந்தது. நன்றாகவே எரிந்தது. மணக்கவில்லை.

போனில் தேடவில்லையா என்று கேட்பீர்கள். தேடினேன். படத்தைப் போட்டால் சர்க்கரைக் கிண்ணம் என்றது. விடாமல் தேடி ஒரு வெளிநாட்டு அம்மா இதே மாதிரி விளக்கை ஏற்றிக் காட்டும் வீடியோவைப் பஸ்ஸில் பிடித்துவிட்டேன். அவர் ஸ்பிரிட் ஊற்றினார், மூடினார், தீக்குச்சி கிழித்துப் பற்ற வைத்தார். அந்த இடத்தில் சிக்னல் போய் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. பற்ற வைத்தாகிவிட்டது, அதற்குமேல் என்ன இருக்கப்போகிறது என்று போனைப் பைக்குள் போட்டுவிட்டுத் தூங்கினேன்.

அதற்குமேல்தான் இருந்தது. வீட்டுக்கு வந்தும் நான் மீதியைப் பார்க்கவில்லை. பார்த்து எழுதுவது காப்பி அடிப்பது மாதிரி என்று ஒரு கொள்கை வேறு.

மறுபடியும் மறுபடியும் ஏற்றினேன். கிரீட மூடியைப் போட்டு, போடாமல், திரியை ஏற்றி, இறக்கி. கல் கெட்டுவிட்டதோ என்று தண்ணீர் ஃபில்டரில் இருக்கும் வெள்ளை மெழுகுவர்த்தி மாதிரியான பீங்கானை ரம்பத்தால் அறுத்து இன்னொரு கல் செய்தேன். அதுவும் எரிந்தது. அதுவும் மணக்கவில்லை. நோட்டில் 'மாதிரி இரண்டு, முடிவு ஒன்றே' என்று எழுதியிருக்கிறேன். ஸ்டெல்லா, "அப்பா வச்சிருந்த கல்லையே வையிடி," என்று சொன்னதால் பழையதையே திரும்ப மாட்டினேன். வாசனை வராதபோதெல்லாம் அத்தரை மட்டும் கூட்டினேன். பத்துச் சொட்டு இருபதானது, ஒரு மூடியானது. கடைசியில் அரை பாட்டில்.

ஒவ்வொரு முறையும் அணைக்கும்போது மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. எங்கள் வீட்டில் முதல் சோதனை நடந்தபோதே அம்மா சொல்லிவிட்டாள், "அணைக்கறப்ப வாயால ஊதிறாத." சொல்லவே தேவையில்லை. மூன்று வயதில் கார்த்திகை விளக்கை ஊதியதற்கு வாங்கிய அறை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. விளக்கைப் பூவால் அமர்த்துவோம், இல்லையென்றால் திரியை எண்ணெய்க்குள் இழுத்துவிடுவோம். ஊதினால் குடும்பத்துக்கு ஆகாது. பெரிம்மா வீட்டிலும் அதே கதைதான். "கோயில்ல பீடத்து மெழுகுவத்திய நீளக் குச்சில குல்லா மாட்டி அணைப்பாங்கல்ல, அதுக்குத்தான் இந்த மூடி," என்று ஓட்டையில்லாத குல்லாவை எடுத்து அவளே சுடரின்மேல் கவிழ்த்தாள். பொருத்தம் அவ்வளவு கச்சிதமாக இருந்தது. நோட்டில் 'இரண்டாம் மூடி: அணைப்பதற்கு. உறுதி' என்று எழுதி அடிக்கோடு இட்டேன். மொத்த நோட்டிலும் அடிக்கோடு இட்ட வரி அது ஒன்றுதான்.

இன்னும் இரண்டு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் நேர்மையாகாது.

ஒரு சனிக்கிழமை நான் கல்லை அளந்துகொண்டிருந்தபோது ஸ்டெல்லா, "மாப்ள வூட்ல மல்பெரி போட்டிருக்காங்களாம், அவரும் அப்பாகூடச் சேந்து அதத்தான் பாக்கறாராம்," என்று சொன்னாள். நான் வெர்னியரிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்றேன்.

இன்னொரு நாள் அப்பா, "மாப்ள வூட்ல என்ன வெள்ளாம பாப்பா?" என்று கேட்டார். "வெளக்கப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கேன், வெள்ளாமையப் பத்திக் கேக்கறீங்களேப்பா," என்றேன். அவர் எழுந்து போய்விட்டார். தர்மபுரி மாவட்டத்தில் பிறந்த எந்தக் கைநாட்டும் கேட்டிருக்கக்கூடிய கேள்வி அது. நான் பி.இ. என்பதால் கேட்கவில்லை.

டீப்பாய்

வேனிலிருந்து நாலு பேர் இறங்கினார்கள். மாப்பிள்ளை ஆல்பர்ட், அவருடைய அப்பா, அம்மா, தரகர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நான் அவர்கள் கையைப் பார்த்தேன். கைக்குட்டை எதுவும் வெளியே வரவில்லை. இன்னும் மூச்சு விடவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பெரிம்மாவுக்கு ஒத்தாசையாக என் அம்மா வந்திருந்தாள். தண்ணீர் கொடுத்தார்கள். மழை, ரோடு, பஸ் என்று பேச்சு போனது. ஸ்டெல்லா வந்து வணக்கம் சொல்லிவிட்டு அவளுடைய அம்மா பக்கத்தில் நின்றாள். ஆல்பர்ட் அவளைப் பார்த்துவிட்டு உடனே சுவர்க் காலண்டரைப் பார்த்தார். அவள் விளக்கைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

மாப்பிள்ளையின் அப்பாவும் விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன பாப்பா, வெளக்கு புதுசா இருக்குது?"

அந்தக் கேள்விக்காகத்தான் ஆறு வாரமாகக் காத்திருந்தேன்.

"இது வாசன வெளக்குங்க. பழைய ஃபாரின் மாடலு. ரூம் பூரா மணக்க வச்சிரும்ங்க. நான்தான் சரி பண்ணுனேன்."

நாலு வாக்கியம். முதல் இரண்டு உண்மை.

அவர் முகம் மாறியது. "வாசனைன்னா, செண்டா?"

"மல்லி அத்தருங்க. அரை பாட்டில்."

அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார்.

"தப்பா எடுத்துக்காத பாப்பா," என்றார் அவர். "நாங்க பட்டுப்புழு வச்சிருக்கறோம். இப்பத்தான் நாலாவது தோலு உரிச்சிருக்குது. இந்த வாசன துணில ஏறி ஷெட்டுக்குள்ள போச்சுன்னா ஒரு புழுவும் எலையத் திங்காது. வூட்ல ஊதுவத்தி கெடையாது, பவுடர் கெடையாது, சோப்புக்கூட வாசன இல்லாததுதான்."

சொல்லிக்கொண்டே எழுந்தார். டீப்பாய்ப் பக்கம் குனிந்தார். கன்னம் இரண்டும் உப்பின.

ஊதிவிட்டார்.

சுடர் போய்விட்டது. என் அம்மா கையில் இருந்த டம்ளர் தட்டைத் தரையில் வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பெண் பார்க்க வந்த வீட்டில், அதுவும் மாப்பிள்ளையின் அப்பா, விளக்கை வாயால் ஊதிவிட்டார். பெரிம்மா முகத்தில் ரத்தமே இல்லை. தரகர் தண்ணீர்ச் செம்பை எடுத்துக் குடிக்காமல் வைத்தார். நான் கிரீட மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அதை என்ன செய்வது என்று தெரியாமல் விளக்கின்மேலேயே வைத்துவிட்டேன்.

அப்போது அது வந்தது.

முதலில் வெதுவெதுப்பாக ஒரு மல்லி வாசனை. பிறகு இன்னும் கொஞ்சம். பிறகு யாரோ அறைக்குள் பூக்கூடையைக் கவிழ்த்த மாதிரி. ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்த திப்பி வாடை எங்கே போனது என்றே தெரியவில்லை. அந்த வீட்டில் நான் அந்த வாடை இல்லாமல் மூச்சு இழுத்தது அன்றைக்குத்தான்.

மாப்பிள்ளையின் அம்மா முந்தானையை இழுத்து மூக்கைப் பொத்தினார்.

"அணச்சாச்சே," என்றார் அவர் புருஷன், குழம்பிப்போய். கிரீடத்தை எடுத்துவிட்டு மறுபடியும் ஊதினார். வாசனை கூடியது. இன்னும் பலமாக, மூச்சைப் பிடித்து ஊதினார். இன்னும் கூடியது.

அவர் மூன்றாவது முறை ஊதும்போதுதான் எனக்குப் புரிந்தது. சுடர் இருந்தால் வாசனையும் சேர்ந்து எரிந்துபோகும். சுடரை ஊதி எடுத்துவிட்டால், சூடேறியிருக்கிற கல் தீயே இல்லாமல் ஸ்பிரிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று வாசனையை வெளியே விடும். குல்லாவைப் போட்டால் கல்லும் சேர்ந்து செத்துவிடும். அந்த வீடியோ அம்மா தீக்குச்சிக்கு அப்புறம் என்ன செய்தார் என்று இப்போது தெரிந்துவிட்டது. நான்கு வருஷம் பொறியியல் படித்த நான் ஆறு வாரமாக ஒவ்வொரு முறையும் வேலை செய்யத் தயாராக இருந்த ஒரு கருவியின் தலையில் குல்லாவைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

"வெளிய போலாங்க," என்றார் மாப்பிள்ளையின் அம்மா, முந்தானைக்குள்ளிருந்து. "வெளிய உக்காரலாம். சீக்கிரம்."

வெளியே

நாற்காலிகள் ஒவ்வொன்றாக வெளியே போயின. ஆல்பர்ட்டே இரண்டைத் தூக்கிக்கொண்டு போனார். வாசலில் புளியமரத்தடியில் போட்டார்கள். மில் அங்கிருந்து ஒரு கல்லெறி தூரம். காற்று நேராக மில்லிலிருந்துதான் வந்தது. களத்தில் திப்பி வெயிலில் வெந்துகொண்டிருந்தது.

நான் கதவோரம் நின்று பார்த்தேன். ஓடிப்போய் எதையாவது மறைக்க வேண்டும் போலிருந்தது. மறைக்க ஒன்றும் இல்லை.

மாப்பிள்ளையின் அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். முந்தானையை மூக்கிலிருந்து எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்தார்.

"அப்பாடா," என்றார்.

அவர் ஸ்டெல்லாவைப் பார்த்துக் கையசைத்துப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"கெழங்கு மில்லா இது?"

"ஆமாங்க."

"எங்க வூட்ல புழுக் கழிவு வாட இதுக்குமேல இருக்கும் பாப்பா. மழ நாள்ல சோறு எறங்காது. பழகிக்குவியா?"

ஸ்டெல்லா மில்லைத் திரும்பிப் பார்த்தாள். அவள் அப்படி நேராக அதைப் பார்த்து நான் கண்டதில்லை.

"பழகித்தாங்க வளந்தேன்," என்றாள்.

காலண்டர் இல்லாத இடத்தில் ஆல்பர்ட்டுக்குப் பார்க்க வேறு எதுவும் கிடைக்கவில்லை. அவளையே பார்த்தார். சிரித்தது எனக்குத் தெரிந்தது. மூக்கு, வாய் எல்லாம் தெரிகிற முழுச் சிரிப்பு.

நான் உள்ளே போனேன். விளக்கை அணைக்க வேண்டும்.

பெரிம்மா அங்கே நின்றுகொண்டிருந்தாள். டீப்பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி. நான் குல்லாவைக் கையில் எடுத்ததும், "கொஞ்ச நேரம் வுடு கண்ணு," என்றாள்.

விட்டேன்.

"மொத வருசம் கிறிஸ்துமஸ்ல அவரு இத ஊதுனாரு," என்றாள். "இப்பத்தான் ஞாபகம் வருது. நான் அந்தத் திட்டுத் திட்டுனேன். நல்ல நாளும் அதுவுமா வெளக்க ஊதறியே, உனக்கு அறிவிருக்கான்னு. அவரு ஒன்னும் சொல்லல. அடுத்த வருசத்துல இருந்து நான் அடுப்படிக்குப் போறவரைக்கும் பத்த வச்சிட்டு உக்காந்திருப்பாரு. போ, கறியப் பாரு, அடி புடிச்சிரும்னு சொல்லுவாரு." விரிப்பின் ஓரத்தை இழுத்துச் சரி செய்தாள். "வருசா வருசம் என்னைய வெரட்டி வுட்டுட்டு ஊதியிருக்கறாரு பாரு, அந்த மனுசன்."

சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

வெளியே நாற்காலி இழுபடும் சத்தம். மாப்பிள்ளையின் அம்மா வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சம்மந்தி, எங்க போயிட்டீங்க? வாங்க இப்படி."

பெரிம்மா என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். அந்த ஒரு வார்த்தையைத் திரும்ப ஒருமுறை கேட்க வேண்டும் போல இரண்டு பேருமே காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம்.

"வந்துட்டங்க," என்றாள். வாசல் பக்கம் இரண்டடி வைத்தவள் நின்றாள். சேலையை மூக்கில் வைத்து முகர்ந்தாள். "ஐயோ, மல்லி ஏறியிருக்குது. புழுவுக்கு ஆவாதே."

நேராகப் பின்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு போனாள். நான் விளக்கின்மேல் குல்லாவைக் கவிழ்த்தேன். 'உறுதி' என்று அடிக்கோடு இட்ட அதே வேலையை, முதல் முறையாகச் சரியான நேரத்தில் செய்தேன். பிறகு அவள் பின்னாலேயே போனேன்.

பின்கட்டிலும் மில் காற்று சுற்றி வந்து முகத்தில் அறைந்தது. பெரிம்மா முந்தானையை விரித்துப் பிடித்துப் படபடவென்று உதறிக்கொண்டிருந்தாள். நானும் துப்பட்டாவை எடுத்து உதற ஆரம்பித்தேன்.